சொன்ன குறை

சந்தின் அகலம் நூற்றுப் பதினொரு சென்டிமீட்டர்.
மூன்று முறை அளந்தேன்.
மூன்று முறையும் நோல்ஃபா அம்மையாரின் பூனை
டேப்பின் மேலேயே வந்து உட்கார்ந்தது.
ஜூன் மழையில் அவர் வீட்டின் பின்சுவர்
குன்றோடு சேர்ந்து இரண்டடி இறங்கிவிட்டது.
அடுத்த மழைக்குள் அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.
மண்வெட்டி என்றால் ஆறு ஆள், மூன்று வாரம்.
மினி எக்ஸ்கவேட்டர் என்றால் நான்கு நாள்:
கிடைத்தால்,
நுழைந்தால்,
நடுவில் நின்றுபோகாமல் இருந்தால்.

வால்பரைசோவில் மட்டம் என்று ஒன்று உண்டென்றால்
அது கடல்மட்டம்தான்.
வண்டி வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும்
மேலே, பிளாசியாவில், மூடுபனிக்குள் இருக்கிறார்கள்.

ஹெரால்டோவின் முற்றத்தில் எல்லாம் மஞ்சள்.
கிரீஸ் ஏற்றும் துளைகளையும் விடாமல்
பூசி மெழுகியிருந்தார்கள்.
மீட்டர் தொள்ளாயிரம் மணி நேரம் என்றது.
பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது.
தொள்ளாயிரம் மணியில் எந்தக் கால்
இப்படித் தேய்க்கும்?
இனாம் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி.
நான் நாளுக்குத் தொண்ணூறாயிரம் பெசோ கொடுக்கிறேன்.
பார்த்தேன்.
பக்கெட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியதும்
தேர் மணி மாதிரி பதில் சொன்னது.
"எல்லா வண்டியும் கொஞ்சம் ஆடும், யாஸ்னா" என்றார் ஹெரால்டோ.
மஞ்சள் அவர் நகத்திலும் இருந்தது.

அடுத்தது கண்ணாடி அலுவலகம்.
அமாரோ என்ற பையன், இஸ்திரி போட்ட சட்டை.
புது ரப்பர் வாசனையோடு வரிசையாக மூன்று வண்டிகள்.
ஒப்பந்தம் பதினான்கு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில்
பதினைந்து டிகிரிக்கு மேல் சரிவென்றால்
காப்பீடு செல்லாது.
"தம்பி, இந்த ஊரில் அதற்குக் கீழே எங்கே இருக்கிறது?"
சிரித்தான். நிஜமாகவே சிரித்தான்.
சிரித்து முடித்து முன்பணம் எவ்வளவு என்று சொன்னான்.
காப்பி நன்றாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

டயர் கடைக்குப் பின்னால் எதுவினா கத்ரிலேயோ.
வண்டிக்கு அடியிலிருந்து பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
பூட்ஸ் கேட்டது: "சந்து எவ்வளவு?"
சொன்னேன்.
"டிராக்கைச் சுருக்கினால் தொண்ணூற்றெட்டு. போகும்."
பிறகு, நான் கேட்காமலேயே:
"இடது மோட்டார் காலையில் எண்ணெய் கசியும்,
சூடேறினால் அடங்கிவிடும்.
பூம் ஹோஸ் பழசு. இருபது மணி நேரம் தாங்கும்,
முப்பது தாங்காது.
புது ஹோஸும் இரண்டு ஸ்பானரும்
சீட்டுக்கடியில் இருக்கின்றன.
வெள்ளிக்கிழமை கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
விலையை ரொட்டிப் பையின் பின்புறம் எழுதித் தந்தாள்.
ஹெரால்டோவைவிடக் கூட.

"குறையைக் கடைபரப்புகிறவளிடம் யாராவது போவார்களா?"
என்றான் என் ஆபரேட்டர் லுபெர்சியோ.
அன்று இரவு எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
மூன்று விலையையும் மேசையில் வைத்துவிட்டு
ஒன்பதாம் பக்கத்தை இன்னொரு முறை படித்தேன்.
எங்காவது ஒரு வரி
எனக்குச் சாதகமாக இருக்காதா என்று.

புதன்கிழமை வண்டி சந்துக்குள் போனது,
இரு பக்கமும் ஆறரை சென்டிமீட்டர் காற்றோடு.
பூனை தகரக் கூரைக்கு ஏறிக்கொண்டது.
லுபெர்சியோ மூச்சு விடாமல் ஓட்டினான்,
வயிறு சுவரில் உரசிவிடும் என்பதுபோல.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி,
வேலையின் இருபத்திரண்டாவது மணி நேரம்,
ஹோஸ் வெடித்தது.
சொன்ன குறை சொன்ன நேரத்தில் வந்தது.
சீட்டைத் தூக்கினோம். ஹோஸ் இருந்தது.
ஸ்பானர் இரண்டும் இருந்தன.
நாற்பது நிமிடத்தில் பூம் மறுபடி தலை தூக்கியது.
கை பழக்கத்தில் அவளுக்குப் போன் போட்டேன்.
எடுக்கவில்லை.
அதுவும் சொன்னபடிதான்.

கொடியில் காய்ந்த நோல்ஃபா அம்மையாரின்
நான்கு வெள்ளைப் படுக்கை விரிப்புகளில்
எண்ணெய் தெறித்திருந்ததைப் பற்றி மட்டும்
யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
அது என் கணக்கு.