நான்காவது பாட்டில் ஒரு கப்பல்

டுலூத்தில், சலவைக்கடைக்குக் கீழே
நிலவறையில் பதிவு செய்தோம்.
மேலே டிரையர்கள் சுற்றும்வரை
டிரம்ஸ் எடுக்க வழியில்லை.
இரவு பதினொன்றுக்கு மேல்தான்
மாரிட் குச்சிகளைத் தொடுவாள்.

லவெல் மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதிவருவான்.
தாளத்துக்கு அரை எட்டு பிந்தியே பேசுவான்,
கடைசிப் பேருந்தைத் துரத்துகிறவன் மாதிரி.
வரி முடிகிற இடத்தில்
எப்படியோ ஏறிவிடுவான்.
என் கிதார் அவனுக்கு ஒதுங்கி நிற்கப் பழக
ஒரு குளிர்காலம் பிடித்தது.

ராக்கா, ஹிப் ஹாப்பா,
எந்தப் பெட்டியில் போடுவது என்றார் கடைக்காரர்.
கல்லாவுக்குப் பக்கத்தில் என்றாள் மாரிட்.

பேஸ் வாசித்த ராய்ஸ்
பாதி ஆல்பத்தில்
இரும்புத்தாதுக் கப்பலில் வேலைக்குப் போனான்.
மூன்று மாத வாடகை பாக்கி;
யாரும் தடுக்கவில்லை.
நான்காவது பாட்டில் அவன் இடம் காலி.

நவம்பரில் ஒரு டேக்.
லவெல் மூச்சு வாங்கிய இடைவெளியில்
ஏரியிலிருந்து ஒரு கப்பல் ஊதியது,
நீளமாய்,
எங்கள் சுருதிக்குக் கொஞ்சம் கீழே.
மாரிட் நிறுத்தாமல் அடித்தாள்.

அவனுடையதில்லை.
வருகைப் பட்டியலைப் பார்த்தோம்.
அன்று அவன் கிளீவ்லாந்தில்
சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான்.

அழிக்க மனம் வரவில்லை.
உறையின் பின்புறம் அச்சடித்தோம்:
பேஸ், ஒன்று முதல் மூன்று வரை ராய்ஸ்;
நான்கு, பெயர் தெரியாத கப்பல்.

முந்நூறு தட்டுகள் போட்டோம்.
நூற்றுப்பத்து இன்னும் மாரிட்டின் காரில்,
பனி அள்ளும் மண்வெட்டிக்கு அடியில்.
பிரேக் போட்டால்
ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்,
அரை எட்டு பிந்தி.