தடைக்காலம்

ஆறாம் நாள்.
காலாப்பட்டில் ஆய்வகத்தின் கடைசி அறை.
குழல்விளக்கை அணைத்துவிட்டு
சிவப்பு பல்பின் அடியில்
கஸ்பார்தான் மருந்தை ஊற்றுகிறான்.
வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும்.
அலுமினியத் தாள் சுற்றிய குப்பிக்குள் மஞ்சளாய்,
கேரட்டுக்கும் முருங்கைக்கீரைக்கும்
தூரத்து உறவு.

நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.
எனக்கு நான்காம் மாதம்.
சுவரில் ஒட்டிய விதிகளில் பதினொன்றாவது:
கருவுற்றவர்கள் தொடக்கூடாது.
அங்கே புற்றைத் திருத்துவது
இங்கே முகத்தையும் இதயத்தையும்
பிழையாக எழுதிவிடும்.

கதவு திறந்த பிறகு
எண்ணுவது மட்டும் என் வேலை.

போன வாரம் இவை
காந்தி வீதி ஞாயிறு சந்தைபோல்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றவை,
இரண்டாவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவை.
இன்று ஒன்று
கையா காலா என்று சொல்ல முடியாத ஓர் இழையை
தன் உடம்பைப்போல் நான்கு மடங்கு நீட்டி
பக்கத்திலிருப்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.
நோட்டில் எழுதுகிறேன்:
நூற்றுக்கு முப்பத்தெட்டு.

ஒரு சிறுமியின் செல்கள்.
நான்கு வயது, வேறு கண்டம்,
நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு.
பெயர் எந்தக் குப்பியிலும் இல்லை.
அவள் என்ன ஆனாள் என்பதும் இல்லை.
இவை மட்டும்
திங்களும் வியாழனும் தவறாமல்
சாப்பாடு கேட்கின்றன.

கருவிலேயே நரம்பாகப் புறப்பட்டவைதாம்.
கிருமாம்பாக்கம் வந்தும் இறங்காமல்
டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டு
கடலூருக்கும் பாண்டிக்கும்
சுற்றிச் சுற்றி வரும் ஆள் மாதிரி.

போனில் தம்பி.
தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இஞ்சின் பார்ப்பவன்.
‘இன்னிக்கு ராத்திரியோட தடை முடியுதுக்கா.
ஐஸ் ஏத்தியாச்சு.’

அறுபத்தொரு நாள்
படகு இருந்தது, வலை இருந்தது,
கடலும் அங்கேயேதான் இருந்தது.
ஒரு தாள் மட்டும் வேண்டாம் என்றது.
அவனிடம் சொன்னேன்:
இந்தச் செல்லுக்குள்ளும் எழுத்து அழியலடா.
நரம்பாகிற பாடம் முழுசா உள்ள இருக்கு,
சுருட்டி, முடிச்சுப் போட்டு.
மருந்து போய் அந்த முடிச்சை அவிழ்க்குது.
‘இரண்டாகு, இரண்டாகு’ன்னு
கத்திக்கிட்டிருக்கிற மரபணுவுக்கு
தடைக்காலம் போடுது.

‘சரி, எத்தன நாளைக்கு?’ என்றான்.

மீனவனின் கேள்வி.
என் ஆய்வேட்டில் அதற்கு ஒரு முழு இயல் உண்டு,
விடை இல்லை.
மருந்தை நிறுத்திய தட்டில்
ஐந்தாம் நாள் சில செல்கள்
இழையை உள்ளே இழுத்துக்கொண்டன.
மறுபடி உருண்டை. மறுபடி சந்தை.
சில மட்டும்
ஏன் என்று தெரியவில்லை,
நீட்டிய கையை நீட்டியபடியே இருந்தன.

கோரிமேட்டு வார்டில் போன மாதம் பார்த்தேன்.
ஏம்பலத்துப் பெண் ஒருத்தி
இதே மருந்தின் மாத்திரையை ஊசியால் குத்தி
ஐஸ்கிரீமில் பிழிந்துகொண்டிருந்தாள்.
மகனுக்கு உதடெல்லாம் வெடிப்பு.
அவளிடம் நான்
முப்பத்தெட்டு என்று சொல்லவில்லை.
எந்த எண்ணையும் சொல்லவில்லை.
‘வெண்ணெய் தடவுங்க’ என்றேன்.

கஸ்பார் கை கழுவுகிறான்.
நான் தட்டைத் திரும்ப வைக்கிறேன்.
பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி,
எனக்குள்ளும் ஏறக்குறைய அதுவே.
இரண்டு மாதத்துக்கு முன்,
சோற்று வாசனைக்கே வாந்தியெடுத்த வாரங்களில்,
எனக்குள்ளும் இவை புறப்பட்டிருக்கும்.
அங்கேயும் இந்த மஞ்சள்தான்,
துளியிலும் துளியாய்,
ஒருபக்கம் கூட, ஒருபக்கம் குறைய.
யார் அளந்து ஊற்றியது?
எத்தனை இறங்க வேண்டிய இடத்தில் இறங்கின?
நான் எண்ணவில்லை.
அப்போது பேருந்து ஜன்னலில் தலைசாய்த்து
தூங்கிக்கொண்டிருந்தேன்.

நோட்டை மூடுமுன்
முப்பத்தெட்டை இன்னொரு முறை எண்ணுகிறேன்.
முப்பத்தேழு.
ஒன்று, எண்ணிக்கொண்டிருக்கும்போதே
இரண்டாகப் போகிறதா
கை நீட்டப் போகிறதா என்று
தீர்மானிக்காமல் இருக்கிறது.