ஒருநாள் வாடகை

ஆயிரங்காலத்துப் பயிருக்கு
ஒருநாள் வாடகை நாலாயிரத்து இருநூறு பவுண்டு.
முன்பணம் திரும்பாது.
நாற்காலி, மேசைவிரிப்பு, மெழுகுவத்தி எங்கள் பொறுப்பு;
மழை உங்கள் பொறுப்பு.
இது கம்ப்ரியா என்பதைக் கையெழுத்தான பிறகு நினைவூட்டுவேன்.

சாணம் ஓடிய வாய்க்காலுக்குக் கண்ணாடி மூடி போட்டு
அடியில் விளக்கு விட்டிருக்கிறோம்.
அதன்மேல்தான் மணப்பெண் நடந்து வருவாள்.
கன்று ஈனும் கொட்டடியில் கேக் நிற்கிறது.
பால்தொட்டி இருந்த இடத்தில் மதுக்கூடம்.
வாசல்மேல் 1741 என்று வெட்டிய கல்லை மட்டும்
தொடக்கூடாதென்று கவுன்சிலில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

"சுவரில் இந்த இரும்பு வளையம் எல்லாம் எதற்கு?"
ஒத்திகைக்கு வந்த வியாழக்கிழமை ஹெஸ்டர் கேட்டாள்.
பூ கட்ட, என்றேன்.
பொய்யில்லை. இப்போது பூதான் கட்டுகிறோம்.

இரண்டாயிரத்து ஒன்றில் கோமாரி வந்தது.
எங்கள் மாடுகளுக்கு வரவில்லை,
பக்கத்துப் பண்ணைக்கு வந்தது.
சட்டத்துக்கு அது போதும்.
வெள்ளை உடுப்புக்காரர்கள் முற்றத்தில் இறங்கினார்கள்.
காலை ஒன்பதுக்குத் தொடங்கி
மத்தியானச் சாப்பாட்டுக்குள்
அறுபத்து நாலும் முடிந்தது.
இன்றைக்கும் இந்த முற்றத்தில்
வெள்ளை உடுத்தி யார் காரைவிட்டு இறங்கினாலும்
நான் முதலில் கால்களைத்தான் பார்ப்பேன்,
ரப்பர் பூட்ஸா என்று.

கில்பர்ட் தொழுவத்துக்குள் வருவதில்லை.
மஞ்சளாய் மின்னும் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு
கீழ்வயலில் கார்களை மேய்க்கிறார்.
வரிசை பிசகினால்
வால்வோவின் பின்புறத்தில் ஒரு தட்டு.

அன்று முதல் நடனம் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போயிற்று.
நூற்றிருபது பேர் ஒரே மூச்சில் "ஓ" என்றார்கள்.
ஃப்யூஸ் பெட்டி உள்ளே, கடைசித் தூணுக்குப் பின்னால்.
அவரை விட்டால் ஆளில்லை.

டார்ச் எடுக்காமல் வந்தார்.
இருட்டில் எனக்குக் கேட்டதெல்லாம்
தூண் தூணாக உள்ளங்கை படுகிற சத்தம்.
ஒன்று.
இரண்டு.
ஏழாவதில் யாரோ வழியில் நின்றிருக்க வேண்டும்.
"தள்ளிக்கோ, கண்ணு" என்றார்,
இருபத்து மூன்று வருடமாக நான் கேட்காத குரலில்.
தள்ளிக்கொண்டது.

விளக்கு வந்தபோது
மாப்பிள்ளையின் சித்தப்பா, வங்கியில் பெரிய அதிகாரி,
சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்,
ரொம்பச் சமத்தாக, கையில் ஷாம்பெயினோடு.
முதலில் சிரித்தது ஹெஸ்டர்.
அப்புறம் சித்தப்பா.
கில்பர்ட் சிரித்தாரா என்று தெரியவில்லை,
வெளியே போய்விட்டார், கார்களைப் பார்க்க.
கார்கள் எங்கே போய்விடும்?

ஞாயிறு காலை பூக்களை அவிழ்த்தோம்.
அவிழ்த்தோம் என்கிறேன், கவனியுங்கள்.
ஏழாவதில் கட்டியிருந்தது யாரை என்று
நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு அடுத்த ஜோடி இடம் பார்க்க வருகிறது.
வளையங்களைப் பற்றி விசாரித்தால்
அவரைக் கேளுங்கள் என்று சொல்வதாக இருக்கிறேன்.