எழுத்துக்கு இரண்டு ராண்ட்

நவம்பர் பிறந்ததும் பெண்கள் பள்ளியிலிருந்து பட்டியல் வரும்.
நான்கு பக்கம், ஓரத்தில் தேநீர்க் கறை.
நெட்பால், நீச்சல், நாடகம், ஜூலுவில் பேச்சு,
பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் குண்டெறிதல்,
நூலகத்தில் கிழிந்த புத்தகம் ஒட்டியதற்கு ஒன்று,
'நல்ல முயற்சி' மட்டும் ஆறு.

டோங்காட் கடைத்தெருவில்
கோழிக்கடைக்கும் செல்போன் பழுது பார்ப்பவனுக்கும்
நடுவில் ஒடுங்கியது என் கடை.
காற்று திரும்பினால் ஆலையின் பாகு நெடி.
பித்தளையில் பெயர் வெட்டுகிறேன்.
எழுத்துக்கு இரண்டு ராண்ட்.

இந்த ஊர்ப் பெண்களை எனக்கு முகமாய்த் தெரியாது,
அகலமாய்த் தெரியும்.
கவுண்டர் கோவெண்டர் ஆனதில் ஆங்கிலத்தில் எட்டெழுத்து.
முதலியார் மூட்லி, ஏழு.
நாயுடு ஆறோடு நின்றுகொண்டார், புண்ணியவான்.
கப்பலடியில் எவனோ ஒரு குமாஸ்தா
காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போனான்;
அவன் பிழையைத்தான்
நான் இன்னும் பளபளப்பாக்கிக்கொண்டிருக்கிறேன்.

பரிசளிப்பு முடிந்த திங்கட்கிழமை
சீருடையோடு ஒருத்தி.
செக்கர்ஸ் பைக்குள் கணிதக் கோப்பை.
தெரூஷா முனுசாமி. பதினைந்தெழுத்து. நான் வெட்டியதுதான்.
'பெயரை மாத்தணும் ஆன்ட்டி.'
'தப்பா வெட்டிட்டேனா?'
'எழுத்து சரி. ஆள் தப்பு.'

ஏழாம் கணக்கில் எங்கே சறுக்கினோம் என்று பார்க்க
பக்கத்து மேசைக்காரியின் விடைத்தாளை வாங்கியிருக்கிறாள்.
ஐந்தாம் பக்கத்தில் அவளுக்கு 7.
மிஸ்ஸின் பேனா அவசரத்தில்
தலைக்கோட்டைக் குறுக்கிவிட்டது;
கூட்டலில் அது 1.
'ஆறு மார்க் போச்சு. நான் ஜெயிச்சதே நாலுல.'

'மிஸ்ஸுக்குத் தெரியுமா?'
'சொன்னேன். அழுதாங்க.
அப்புறம், மேடையில குடுத்தது குடுத்ததுதான்னாங்க.'
'அம்மாவுக்கு?'
கோப்பையின் காதைக் கொஞ்சநேரம் திருகினாள்.
'அவங்க பேஸ்புக்ல போட்டுட்டாங்க.'

புதுத் தகடு முப்பது, நான் கணக்கைத் தொடங்குமுன்
அவள் முடித்துவிட்டாள்:
நோன்குலுலேகோ ம்தெம்பு, பதினெட்டெழுத்து,
ஆக அறுபத்தாறு.
மேசையில் சில்லறையைக் கொட்டி அடுக்கினாள்.
அறுபது.

'முதல் எழுத்து மட்டும் போட்டு
ம்தெம்புன்னு முடிச்சிடலாமே.
கையில மிச்சமும் இருக்கும்.'
'வேண்டாம் ஆன்ட்டி.
வகுப்புல எல்லாரும் அவளை நோனி, நோனின்னு
சுருக்கித்தான் கூப்பிடறாங்க.
இதுலயாவது முழுசா இருக்கட்டும்.'

நோன்குலு வரை வெட்டியிருந்தேன்.
கரண்ட் போனது.
கோழிக்கடையில் ஜெனரேட்டர் உறுமியது;
என்னிடம் அந்த வசதி கிடையாது.
இரண்டு மணிநேரம்.
போய்விட்டு நாளைக்கு வா என்றேன். போகவில்லை.
வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து
நிலவியல் பாடம் எழுதினாள்.
நான் ஆரஞ்சு உரித்துப் பாதியை நீட்டினேன்,
விதைகளைக் காகிதத்தில் வரிசையாக வைத்தாள்.
சனிக்கிழமை நெட்பால் என்றாள், ஸ்டேஞ்சரோடு,
அவளும் நோன்குலுலேகோவும் ஒரே அணி,
'அவ பந்தைப் போட்டா எனக்குப் பார்க்கவே வேண்டாம்.'
'உன் கையால கோப்பையைக் குடுத்தா
அவ என்ன சொல்லுவா?'
'திட்டுவா. ஜூலுவுல.'

விளக்கு வந்தது.
லேகோவை வெட்டினேன், ம்தெம்புவை நெருக்கி உட்காரவைத்தேன்.
அவள் மூக்கு தகட்டில் முட்டும்படி குனிந்து
ஒவ்வொரு எழுத்தாய் விரலால் தொட்டுச் சரிபார்த்தாள்,
மிஸ்ஸைப் போல நானும் அவசரக்காரி என்ற பயமோ என்னவோ.

கழற்றிய பழைய தகட்டை நீட்டி
'இதை என்ன பண்ணப்போறே?' என்றேன்.
வாங்கவில்லை. திருப்பிப் பார்த்தாள்.
'பின்பக்கம் காலியாத்தானே இருக்கு ஆன்ட்டி?
நீங்களே வச்சிருங்க.
அடுத்த நவம்பர்ல வெட்டலாம்.'

இழுப்பறையில் கிடக்கிறது,
ரப்பர் ஸ்டாம்புகளுக்கு அடியில், முகம் குப்புற.
பாக்கி ஆறு ராண்ட்.