ஈரலைப் புதைக்கிறவன்

முள்கம்பி கிழித்த தொடைக்கு
மத்திகோ இலை கொதிக்கவைத்த தண்ணீர்.
பனியில் வெடித்த பாதத்துக்கு ஆட்டுக்கொழுப்பு.
காதில் உண்ணி என்றால் என் நகம் போதும்.
ஏழு நாய்களில் ஒன்றையும்
வைத்தியரிடம் கூட்டிப்போனதில்லை நான்.

பட்டகோனியாவில் காற்று பாதி வைத்தியன்,
பட்டினி மீதி.
வயிறு கெட்டால் தீசோன்
ஓடையோரத்து இளம்புல்லைக் கடித்துக் கக்கிவிட்டு
ஒரு பகல் முழுக்க வண்டியடியில் கிடக்கும்.
கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறக்கும்.
மறுநாள் விடியலில் மந்தைக்கு முன்னால் நிற்கும்.
அந்தப் பத்தியத்தை நானும் பிடித்துக்கொண்டேன்,
தெல்மிரா பூசணிக்காய்ப் பணியாரம் சுடாத நாட்களில்.

கடைத்தீனி மூட்டையோடு வந்த ஒயார்சூனிடம்
சிரித்துக்கொண்டே சொன்னேன்:
ஓநாயின் பேரனுக்கு பிஸ்கட்டா?

ஆடு அறுக்கிற அன்று
ஆவி பறக்கும்போதே ஈரலைக் கத்திமுனையில் வீசுவேன்.
காற்றிலேயே கவ்வும்.
ரோமம் எண்ணெய் தடவினாற்போல் மின்னும்,
பல் வெள்ளை, மூச்சில் நாற்றமில்லை,
பதிமூன்று வயதில் கிழட்டு ராமோனா
வேலி தாண்டி முயல் பிடித்தாள்.
பார், பார் என்று
வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

தெல்மிராவுக்கு
வலது விலாவின் கீழ் ஒரு கனம்.
பேற்றுக்கனம் போல, ஆனால் அது இல்லை என்றாள்.
கோய்ஹைக்கேவுக்கு ஆறு மணி நேரம், லாரியில்.

திரையில் ஒரு கருவட்டம்.
வட்டத்துக்குள் குட்டி வட்டங்கள்,
திராட்சைக் கொத்தை உள்ளே விழுங்கிய மாதிரி.
"நாய் உண்டா?" என்றார் அந்த இளம் டாக்டர்.
ஏழு.
"ஈரல் பச்சையாகவா?"
நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டின் ஈரலில் நீர்க்கட்டி.
நாயின் குடலில் அரிசிக்குருணை அளவுப் புழு.
நாயின் ரோமத்தில் கண்ணுக்குப் படாத முட்டை.
தடவிய கை.
அதே கையால் பிட்ட ரொட்டி.
விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

நாய்க்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.
ஒன்றும் ஆகாது, என்றார்.

ஒன்றும் ஆகவில்லைதான்.
அதைத்தானே இத்தனை வருடம்
பார், பார் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

இதை தெல்மிராவிடம்கூட முழுதாய்ச் சொல்லவில்லை:
அந்தக் கட்டிகளை எனக்குத் தெரியும்.
வெள்ளைத் தோல், உள்ளே தெளிந்த நீர்.
மனுஷன் தின்ன ஆகாது என்று
அறுத்தெடுத்து
அதைத்தான் முதலில் எறிவேன்.

அவளைப் பிளந்து தைத்தார்கள்.
பத்தொன்பது தையல்.
கட்டிலில் படுத்தபடி முதலில் கேட்டது,
"தீசோனைச் சுட்டுவிட்டாயா?"
இல்லை என்றேன்.
"சுட்டிருந்தால் வீட்டுக்கே வந்திருக்கமாட்டேன்."

இப்போது நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு மாத்திரை,
பாலாடைக்கட்டியில் பொதிந்து.
ராமோனா கட்டியைத் தின்று மாத்திரையைத் துப்புவாள்,
அவளோடு மட்டும் அரைமணி மல்லுக்கட்டு.
இலைத்தண்ணீர் இன்னும் கொதிக்கிறது, அதை விடவில்லை.
நுரையீரலை முக்கால் மணி வேகவைக்கிறேன்.
ஈரலுக்குக் குழி.

கை கழுவும் இடம் கதவுக்கு வெளியே.
தெல்மிரா தீசோனின் காதுக்குப் பின்னால் சொறிவாள்,
நீளமாக, கணக்குப் பார்க்காமல்.
பிறகு கைகளை முன்னால் நீட்டிக்கொண்டே போய்
உறைகிற தண்ணீரில் முழங்கை வரை தேய்ப்பாள்.
தீசோன் அந்தச் சோப்பை முகர்ந்து தும்மும்.

நேற்று இரவு நரி குழியைக் கிளறியிருந்தது.
இன்னும் ஒரு முழம் ஆழம் வேண்டும்,
மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் கல்.
நிலம் இறுகிக் கிடக்கிறது, மண்வெட்டி துள்ளுகிறது.
பக்கத்தில் தீசோனும் தோண்டுகிறது
மண்ணைப் பின்னங்காலுக்கிடையில் வாரி இறைத்து,
எனக்கு உதவுவதாக நினைத்து.