பூந்தொட்டியில் நானூற்று எழுபத்தைந்து டாலர்

மிசூலா விமான நிலையத்தில்
ஒன்பது வருஷமாய் எனக்கு இதுதான் வேலை:
பயணிகள் மறந்து கொண்டுவரும் கத்திகளை வாங்கிச்
சாம்பல் நிறப் பெட்டியில் போடுவது.
பெரும்பாலும் பெட்ரோல் பங்க் கத்திகள்,
எட்டு டாலர், பத்து டாலர்.
"போகட்டும்" என்பார்கள்
கழற்றிய பெல்ட்டைக் கோத்தபடி.

செவ்வாய் விடிகாலை
வெண்டெல் பிராக்வே அப்படிச் சொல்லவில்லை.
எக்ஸ்ரே திரையில் நான்தான் முதலில் பார்த்தேன்,
சட்டைகளுக்கு அடியில்
மூடிய இமைபோல் ஒரு மடக்குக் கத்தி.
டைட்டானியப் பிடி. ஒரு கீறல் இல்லை.
"நானூற்று எழுபத்தைந்து" என்றார்,
விலையை நான் கேட்கவே இல்லை,
கைக்குழந்தையின் மாதத்தைச் சொல்வதுபோல.

ரஸ்ஸல் சீட்டியடித்தான்.
"ஆனை விலை, குதிரை விலை!
ஆனையாவது சுமக்கும், குதிரையாவது ஓடும்.
இது?"
"வெட்டும்."
"இதுவரை என்ன வெட்டியது?"
வெண்டெல் யோசித்தார்.
"ஒன்றுமில்லை" என்றார்.
பிறகு, முழுசாகச் சொல்லிவிடுவோம் என்பதுபோல்,
"இது வந்த அட்டைப்பெட்டியைக்கூட
வேறு கத்தியால்தான் பிரித்தேன்."

விமானத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம்.
மினியாபொலிஸில் நாளை அவர் அண்ணனுக்கு
இதய அறுவை.
அங்கே வேறொருவர் கையில் வேறொரு கத்தி.
அதன் விலையை யாரும் கேட்பதில்லை.

வரிசையைவிட்டு வெளியே ஓடினார்.
கண்ணாடிக் கதவோரம் ரப்பர் செடித் தொட்டி.
ஷூ லேஸ் கட்டுகிறவர்போல் குனிந்தார்.
திரும்பி வந்து
ஸ்கேனருக்குள் கைகளை உயர்த்தியபோது
பத்து நகத்திலும் மண்.
மண்ணைப் பற்றி எங்கள் விதிப்புத்தகத்தில்
ஒரு வரியும் இல்லை.

கத்தியைப் பற்றி உண்டு. எனக்குத் தெரியும்.
ரஸ்ஸலுக்கும் தெரியும்,
அதனால்தான் அவனிடம் சொல்லவில்லை.
ஷிஃப்ட் முடிந்து தோண்டி எடுத்தேன்.

காரில் உட்கார்ந்து கட்டைவிரலால் நெம்பினேன்.
ஒரு சத்தம்.
அதிகம் பேசாத ஒருவர்
"ஆம்" என்று சொன்னதுபோல்.
மடக்கினேன். திறந்தேன்.
எங்கும் ஓர் ஆட்டம் இல்லை, மயிரிழை இடைவெளி இல்லை.

வீட்டில் ஆப்பிளை அரிந்தேன்.
அரியவில்லை, பிளந்தது.
முதுகு அவ்வளவு தடிமன்.
சமையலறையில் கிடக்கும் என் மூன்று டாலர் கத்தி
ஆப்பிளைத் தாள் தாளாய்ச் சீவும்.
அதைச் சத்தமாகவே சொன்னேன், அடுப்பங்கரையில், தனியாக.
ஆனாலும் கீழே வைக்கவில்லை.
தொலைக்காட்சியில் என்ன ஓடியதோ,
என் கட்டைவிரல் மட்டும் அன்றிரவு
வேலை பார்த்துக்கொண்டிருந்தது.
ஒரு கிளிக்குக்கு எத்தனை சென்ட் என்று
வகுத்துப் பார்த்தேன்.
மிச்சம் வந்துகொண்டே இருந்தது.

படுக்கும் முன்புதான் கவனித்தேன்:
பிடியில் ஒரு கீறல். என் மோதிரம்.

தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு
வியாழன் காலை மறுபடி புதைத்தேன்.

சனிக்கிழமை வெண்டெல் வந்தார்,
ஐந்து நாள் தாடியோடு.
செடியின் வலப்பக்கம் தோண்டினார்.
நான் வைத்தது இடப்பக்கம்.
மணிக்கட்டுவரை மண்ணுக்குள் விட்ட கையோடு
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.
நான் வாயைத் திறக்கவில்லை.

கிடைத்தது.
வெளிச்சத்தில் சாய்த்தார்.
கீறலைக் கண்டுகொண்டார்,
தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.
மண்ணில் கிடந்த கல்லின்மேல் பழி போட்டிருப்பார்.

அப்புறம் திறந்தார்.
இடது மணிக்கட்டில்
ஆஸ்பத்திரிப் பார்வையாளர் பட்டை,
மஞ்சள் பிளாஸ்டிக்.
அதற்கடியில் அலகை நுழைத்து
லேசாய் உயர்த்தினார்.

அவர் போன பிறகு தொட்டியிலிருந்து எடுத்தேன்.
அண்ணன் பிழைத்தாரா என்று
பட்டையில் எழுதியிருக்கவில்லை.
வெட்டிய ஓரம் நேராக இருந்தது,
ஒரு பிசிறு இல்லை.

என் கத்தியும் வெட்டியிருக்கும்.
இரண்டு இழுப்பில்.