உருகல் கணக்கு

மண்டபம் ஐஸ் கம்பெனி மாடியில்
வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்கள் நாலு பேர்.
பதின்மூன்று சீட்டு, இருநூற்றைம்பதில் அவுட்,
ஆளுக்கு ஐம்பது ரூபாய்.
இதில் யாரும் வீட்டைத் தொலைக்கவில்லை,
மச்சு எழுப்பவும் இல்லை.

மூன்று வருஷமாக எழுதி வைக்கிறேன்
பழைய பார் நோட்டின் பின்பக்கத்தில்:
தேதி, வந்தது, போனது.
கூட்டிப் பார்த்ததில்லை.
கூட்டாதவரை நான் நல்ல ஆட்டக்காரன்.

தடைக்காலம்.
விசைப்படகுகள் கரையில் தோளோடு தோள் இடித்து நிற்க,
மிஷின் ஓய்ந்து அமோனியா வாடையும் அடங்கிய ஒரு மத்தியானம்
கைக்கு வேலையில்லாமல் கால்குலேட்டரை எடுத்தேன்.
நாலாயிரத்து நூற்றுப்பத்து.
முன்னால் சின்னதாய் ஒரு கோடு.

முதலில் நம்புராஜனை வைதேன்.
அவன் கலைத்துப் போட்டால் எனக்கு ஜோக்கர் வராது.
அடுத்து கச்சான் காற்றை,
ஜன்னல் பக்கம் கிடக்கும் அந்தப் பாயை.
வைய ஆள் தீர்ந்தபோது
நோட்டு தானாகப் புரண்டு முன்பக்கம் வந்தது.
என் கையெழுத்துதான்:

ஏற்றியது நூற்றிருபது பார்,
இறக்கியது நூற்றுப்பதினாலு,
உருகல் ஆறு.

பாம்பன் போய்ச் சேர்வதற்குள் ஆறு போனால் அது வெயில்.
பதினாறு போனால்
டிரைவர் எங்கோ வண்டியை நிறுத்திக் கதை பேசியிருக்கிறான்.
இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம்,
மாடிப்படி ஏறும்போது மட்டும் மறந்துவிடுகிறது.

ஸ்கேல் வைத்து நாலாவது கட்டம் போட்டேன்.

லைஃப் இல்லாத கை, நாலு படம்,
ஸ்கூட் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்து
எண்பது வாங்கிய அன்று:
இருபதில் எழுந்திருக்கலாம். அறுபது உருகல்.
இன்னாசி முந்திக் கவிழ்த்த கோபத்தில்
அடுத்த மூன்று கையும் அவனுக்காகவே ஆடியது: உருகல்.
பன்னிரண்டு மணிக்கு மேல் ஆடியதெல்லாம்
பெரும்பாலும் உருகல்.
சீனி உசேனைப் பாருங்கள்,
பதினொன்றரைக்குச் செருப்பைத் தேடுவான்.
பொண்டாட்டிக்குப் பயம் என்று சிரிப்போம்.
அவன் மேலே இருக்கிறானோ என்னவோ,
நோட்டெல்லாம் அவனுக்குக் கிடையாது.

எழுதக் கை வராதது ஒன்றுதான்.
போன தை மாசம் ஜெயித்த அந்த ஆட்டம்.
இரண்டு பக்கமும் திறந்திருந்த கிளாவரை உடைத்துவிட்டு
டைமண்ட் ஏழுக்குக் காத்திருந்தேன்.
ஒரு ஏழு ஏற்கெனவே கீழே கிடந்தது.
மகள் பிறந்த தேதி ஏழு, அதுதான் காரணம்,
வேறு காரணமே இல்லை.
வந்தது.
பத்து நாள் பஜாரில் அந்தக் கதையைச் சொன்னேன்.
வந்த பணம் வந்ததுதான்.
இருந்தாலும் நாலாவது கட்டத்தில்
மெல்லிசாக ஒரு கோடு போட்டேன், பென்சிலில்.

அடுத்த வெள்ளி.
ராஜா, ராணி, ஜாக்கி, எல்லாம் வேறு வேறு ஜாதி.
ஸ்கூட் என்றேன்.
கவிழ்த்த சீட்டின் மேல் கை சூடு ஆறவில்லை,
இன்னாசி ஹார்ட்டின் ராணியை எறிகிறான்,
அடுத்த சுற்றில் நம்பு பத்தை.
இரண்டும் எனக்குச் சேர வேண்டியவை.
"மாமா, பயந்துட்டீகளே!"
ஜன்னலுக்குப் போய் நின்றேன்.
பாலத்து விளக்குகள், கீழே கறுப்புத் தண்ணீர்.
சரியாகத்தான் ஆடினேன் என்பது
வாயில் இனிப்பாக ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன்.
வந்தது இல்லை. போனது ஐம்பது.
உருகல்: சைபர்.
மூன்று வருஷத்தில் முதல் சைபர், வட்டமாக,
கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

பேனாவை மூடும்போது ஞாபகம் வந்தது.
அந்த ராணியையே நினைத்துக்கொண்டு
அதற்கு அடுத்த கையை எண்ணாமல் பிடித்திருந்து
இருபதில் விட வேண்டியதை நாற்பதில் விட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. நம்புவுக்கே தெரியாது.
சைபருக்கு இடது பக்கம் கொஞ்சம் இடம் இருந்தது.
இரண்டு போட்டேன்.